ஆறாவது ஹூட்டில் காற்று இல்லை: மீட்டர் பெட்டியோடு ஏற்காட்டுக்கு

1987 மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ஏற்காட்டுக்குப் போனேன். ஏரியில் படகு விடவோ, மலை விளிம்பில் நின்று சேலத்தை எட்டிப் பார்க்கவோ அல்ல. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், மிளகு சலிக்கும் ஷெட்டில் எங்கள் கம்பெனி மாட்டிய தூசி உறிஞ்சும் அமைப்பு சரியாக இழுக்கிறதா என்று இரண்டாம் தடவை அளப்பதற்காகப் போனேன். முதல் தடவை அளந்ததும் நான்தான். நன்றாக இழுக்கிறது என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் என் கோபம். இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது, "சார், காற்றோட்டம் அளக்க எந்த மீட்டர் வாங்கலாம்? மாடல் நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். எங்கே அளக்கப் போகிறீர்கள், அங்கே யார் மூச்சு விடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதிலே வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாடல் நம்பர் தர மாட்டேன். இந்தப் பயணத்தைத் தருகிறேன், வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஷெட். நீளமான தகரக் கூரை, ஒரு சுவரோரமாக ஆறு மேசைகள். மேசைக்கு இரண்டு பெண்கள் உட்கார்ந்து காய்ந்த மிளகைச் சலித்து, காம்பும் சொத்தையும் பொறுக்குவார்கள். ரசத்துக்கு மிளகு இடிக்கும்போது ஒரு சிட்டிகை பறந்தாலே வீடே தும்முகிறது. இங்கே தினமும் எட்டு மணி நேரம். அதற்காக ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் தூசியை இழுக்க ஒரு தகர வாய் உண்டு, அதை ஹூட் என்போம். ஆறு ஹூட்டிலிருந்தும் கிளைக் குழாய்கள் கிளம்பி ஒரு பெரிய குழாயில் சேரும். பெரிய குழாய் முதல் மேசைப் பக்கம் சுவரைத் தாண்டி வெளியே போய் ஃபேனில் முடியும்.

நான் முதலில் அளந்தது டிசம்பரில். மிளகு இன்னும் பறிக்கவில்லை, ஷெட் காலி. வெளியே ஃபேன் பக்கம் சாரத்தில் ஏறி, பெரிய குழாயில் ஓட்டை போட்டு அளந்தேன். மொத்தக் காற்று வரைபடத்தில் சொன்னதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து, டீ உள்ளே இருக்கிறது, வந்து குடியுங்கள் என்றாள். நேரமில்லை, இங்கேயே கொண்டு வா என்றேன். குடித்தேன், கையெழுத்துப் போட்டேன், மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. தொழிலாளி ஒருத்தி காற்று இழுக்கவில்லை என்று புகார் சொல்லி மற்றவர்களையும் கிளப்பிவிடுகிறாள், ஒருமுறை வந்து அளந்து அவள் வாயை அடைத்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார்கள். வாயை அடைக்க என்ன மீட்டர் கொண்டு போவது என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். அவருக்கு நக்கல் புரியவில்லை. "போன தடவை கொண்டு போனதையே எடுத்துட்டுப் போப்பா" என்றார்.

போன தடவை கொண்டு போனது பிட்டோ குழாய். காற்றுக்கு எதிரே நீட்டும் மெல்லிய குழாய் அது. காற்று வந்து மோதும் அழுத்தத்தை, சாய்வான கண்ணாடிக் குழாயில் சிவப்பு எண்ணெய் ஏறி இறங்கிக் காட்டும். பெரிய குழாய்க்குள் வேகமாக ஓடும் காற்றுக்கு அதைவிட நாணயமான கருவி கிடையாது. ஆனால் ஹூட்டின் வாயில் காற்று, மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்துக்குத்தான் வரும். அங்கே நீட்டினால் எண்ணெய் அசையவே அசையாது. இழுக்கிற ஹூட்டும் இழுக்காத ஹூட்டும் அதற்கு ஒன்றுதான்.

புதிதாக வாங்கிய சூட்டுக் கம்பி மீட்டர் ஒன்றும் இருந்தது. சூடான கம்பியைக் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்து வேகம் சொல்லும். ஏசி அறைக்கு நல்லது. மிளகுத் தூசியில் நீட்டினால் கம்பியில் தூசி அப்பிக்கொண்டு குறைத்துக் காட்டும். போதாததற்கு ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். அங்கே காற்று சமவெளியை விட ஏறக்குறைய பதினைந்து சதவீதம் லேசு. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அதற்கும் ஒரு தப்பு. பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துப் போகச் சொன்னவர்களோடு அரை மணி நேரம் கத்தினேன்.

எனக்கு வேண்டியது காற்றாடி மீட்டர். உள்ளங்கை அகல வளையத்துக்குள் மெல்லிய அலுமினிய இறக்கைகள். காற்று போனால் சுற்றும். எத்தனை மீட்டர் காற்று போனது என்று நடுவிலிருக்கும் முள் காட்டும். பேட்டரி கிடையாது. ஸ்டோர் கீப்பர் அதை அலமாரியின் அடியிலிருந்து சிவப்புத் துணியோடு எடுத்துக் கொடுத்தார். "ஆயுத பூஜைக்கு அப்புறம் யாருமே தொடலைங்க" என்று பெருமையாகச் சொன்னார். நானும் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டேன். அந்தத் தவறின் பலனை மலைமேல் போய் அனுபவித்தேன்.

புதன் மாலை கோவையிலிருந்து சேலம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ், அறை இருபத்தெட்டு ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம். வியாழன் காலை 8.10 ஏற்காடு பஸ், முப்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் நாற்பது காசு. மீட்டர் பெட்டியைக் கூரையில் போடு என்றார் கண்டக்டர். முடியாது என்றேன். லக்கேஜ் டிக்கெட் எடு என்றார். எடுத்தேன். எடுத்த பிறகும் என் காலடியில் பெட்டிமேல் ஒருவர் தன் முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வைத்தார். இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பெட்டிக்குள், மேலாளர் சொன்னாரே என்று சேர்த்து வைத்திருந்த பிட்டோவின் சிவப்பு எண்ணெய் கசிந்து என் வேட்டிக்கரை வரை வந்துவிட்டது. நீங்கள் போகும்போது எண்ணெய்க் குழாயின் இரண்டு முனையையும் ரப்பர் மூடியால் இறுக்கி மூடுங்கள். நான் மூடவில்லை.

9.35க்கு ஏற்காடு. எஸ்டேட் ஜீப் காத்திருந்தது, டிரைவர் பெயர் மாணிக்கம். அங்கிருந்து எஸ்டேட் பதினோரு கிலோமீட்டர் என்று ஜீப் மீட்டர் சொன்னது. அந்த மீட்டரை நான் நம்பவில்லை, வண்டி நின்ற பிறகும் முள் ஆடிக்கொண்டிருந்தது. வழியில் புகார் சொன்ன பெண் யார் என்று கேட்டேன்.

"நம்ம ஸ்டெல்லாக்காதானுங்க. ஆறாவது மேசை" என்றார் மாணிக்கம். "நொம்ப இருமலுங்க அதுக்கு. மாதா கோயில்ல பாடறப்பக்கூட நடுவுல நிறுத்தீருமுங்க. காத்து இழுக்கலைன்னு சொல்லுச்சு. கம்பெனிக்காரங்க இழுக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாமா. பொய் சொன்னதுக்கு மன்னிப்பு எழுதித் தரோணும், இல்லைன்னா சனிக்கிழமை எஸ்டேட்டு குடுத்த லைன் ஊட்டக் காலி பண்ணோணும்னு ரைட்டர் சொல்லீட்டாருங்க."

அந்தக் கம்பெனிக்காரன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என் ஒரு கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வீட்டைவிட்டு விரட்டப் போகிறார்கள். மீதி வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

ஷெட் வாசலில் எஸ்டேட் ரைட்டர் அருளப்பன் நின்றார். கணக்கும் கடிதமும் ஆட்களும் அவர் கையில்தான். உள்ளே போனால் தரை ஈரம், மேசையெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தது, மிளகு ஒரு மணி இல்லை. பெண்கள் பன்னிரண்டு பேரும் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். அந்தப் பக்கத்தில் அது பழக்கம். ஆபீசர் வருகிறார் என்றால் வேலையை நிறுத்தி, ஷெட்டைக் கழுவி, சாமான்களை ஒளித்துவைப்பார்கள். அது மரியாதையாம்.

"ஏனுங்க சார், எல்லாம் சுத்தமா வெச்சிருக்கறமுங்க. நீங்க அளந்தாப் போதுமுங்க" என்றார் ரைட்டர்.

"நான் கழுவின ஷெட்டை அளக்க வரலை. மிளகைக் கொட்டுங்க, எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காரட்டும், தினமும் எப்படி வேலை நடக்குமோ அப்படி நடக்கட்டும்" என்று கத்தினேன். ரைட்டர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் குரல் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "அதுக்குள்ள இதையும் ஒரு பார்வை பாத்துருங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கிங்க" என்று நீட்டினார். மன்னிப்புக் கடிதம். 'நான் கெட்ட எண்ணத்தில் பொய்ப் புகார் கூறியது உண்மை' என்று முத்து முத்தான எழுத்தில் அவரே எழுதிவைத்திருந்தார். எழுத்தைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

மிளகு வந்தது, சல்லடைகள் ஆடின, ஐந்து நிமிஷத்தில் ஷெட்டுக்கு உயிர் வந்தது, எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. ஆறாவது மேசைக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயதிருக்கும். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்படிம்மா தெரியும் இழுக்கலைன்னு?"

"சாக்கு தைக்கற நூல ஹூட்டு வாயில கட்டியிருந்தனுங்க. மொத மேசையில கட்டுனா உள்ள பறக்குதுங்க. இங்க செத்துத் தொங்குதுங்க." அப்போதுதான் நிமிர்ந்தார். "நீங்க வாரீங்கன்னு ரைட்டரு நேத்தே அவுத்துப் போட்டுட்டாருங்க."

"பாக்க அசிங்கமா இருந்துச்சுங்க" என்றார் ரைட்டர்.

அந்த நேரத்தில் எஸ்டேட் மேனேஜரும் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்ந்தார். "சீக்கிரம் முடிங்க மிஸ்டர், எனக்கு ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான்" என்றார். காற்றாடி மீட்டரை எடுத்து ஆறாவது ஹூட்டின் வாயில் பிடித்தேன். ஒரு நிமிஷம். முள் அசையவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. முதல் ஹூட்டுக்குப் போய்ப் பிடித்தேன். அங்கே தூசி கண்ணெதிரே உள்ளே ஓடுகிறது, ஆனால் முள் அசையவில்லை. ரைட்டர் சிரித்தார். "மீட்டருக்கே தூக்கமுங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இறக்கைகள் சேரும் நடு மையத்தில், ஊசிமுனை பேரிங்கின் மேலேயே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், இரண்டும் சிமெண்டாகக் காய்ந்து கிடந்தன. எங்கள் ஸ்டோர் கீப்பர் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்திருக்கிறார். லேத்துக்கு வை, பீரோவுக்கு வை, ஜீப்புக்கு வை. மூச்சுக் காற்றுக்குச் சுற்ற வேண்டிய இறக்கையின் அச்சில் வைப்பார்களா? வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் கோவையில் நிம்மதியாக இருந்தார், கேட்டதெல்லாம் இந்தப் பெண்கள்தான். இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவருக்கு அந்த முள் அசைந்தே ஆக வேண்டும்.

"சாமி காரியமுங்க, வையாதீங்க. எதுல கழுவோணும், அதச் சொல்லுங்க" என்றார்.

ஸ்பிரிட் வேண்டும் என்றேன். எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து ஒரு குப்பி வந்தது. தடவ மெல்லியதாக எதுவும் இல்லை. ஸ்டெல்லா வெளியே போய் ஒரு கோழியிறகோடு வந்தார். நாற்பது நிமிஷம் அதைத் தொட்டுத் தொட்டுச் சந்தனத்தைக் கரைத்தேன். ஊதினேன், சுற்றியது.

"இப்ப மட்டும் அது உண்மை சொல்லுமுன்னு என்ன நிச்சயம்?" என்றார் மேனேஜர். அன்று அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். அதற்கு வழி உண்டு. பக்கத்துக் குடோனின் கதவு ஜன்னலெல்லாம் சாத்தச் சொன்னேன். உள்ளே காற்றே ஆடவில்லை. டேப் பிடித்துத் தரையில் இருபது மீட்டருக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு. மீட்டரைக் கையை நீட்டி முன்னால் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நடந்தேன். நான் நடக்கிற தூரம்தான் அதற்குக் காற்று. கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு ஏந்திப் போகிறவன் மாதிரி நான் போவதை எஸ்டேட்டே வேடிக்கை பார்த்தது. மூன்று தடவை நடந்தேன், முள் பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது காட்டியது. இறக்கை கிளம்புவதற்கு ஒரு மீட்டர் போகும், அது அதன் குணம். நான்காவது தடவை மேனேஜரையே நடக்கவிட்டேன். அவருக்கும் பத்தொன்பது.

பிறகு ஹூட்கள். ஒரு நிமிஷத்தில் முதல் ஹூட் தொண்ணூற்றாறு மீட்டர், இரண்டாவது எழுபத்தொன்று, மூன்றாவது நாற்பத்தைந்து, நான்காவது முப்பது, ஐந்தாவது பதினெட்டு. ஆறாவதில் இறக்கை நின்றுவிட்டது. இந்த மீட்டர் நின்றால் காற்றே இல்லை என்று அர்த்தமில்லை, இறக்கையைச் சுற்றவைக்கும் அளவுக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் நூலைக் கேட்டேன். ஸ்டெல்லா மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கட்டினார். செத்துத் தொங்கியது. ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வாயருகே பிடித்தேன். புகை ஹூட்டுக்குள் போகாமல் அவர் முகத்தைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் போனது.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு கிளைக் குழாயிலும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு உண்டு. ஃபேனுக்கு அருகிலிருக்கும் கிளைகளில் தகட்டைப் பாதி மூட வேண்டும், தூரத்திலிருப்பதை முழுக்கத் திறக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஆறையும் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஃபேனுக்குப் பக்கத்து மேசைகள் காற்றையெல்லாம் எடுத்துக்கொண்டன, கடைசி மேசைக்கு மிச்சமில்லை. வெளியே பெரிய குழாயில் அளந்தால் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். பிட்டோ குழாய் டிசம்பரில் பொய் சொல்லவில்லை. யாரும் மூச்சு விடாத இடத்தில் அதை நீட்டிவிட்டு, பன்னிரண்டு பேரின் மூச்சுக்கு நான்தான் சான்று கொடுத்தேன்.

மேனேஜர் பேப்பர் கேட்டாரல்லவா, என் பையிலிருந்து அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆறு ஹூட்டின் அளவையும் அதில் எழுதி, கீழே 'டிசம்பரில் நான் கொடுத்த சான்று தவறு, தொழிலாளி சொன்னது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜரைப் பார்த்தேன். அவர் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்தார். ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் கூரையைப் பார்த்தார். மேனேஜர் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அந்தம்மா ஊட்ல இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டெல்லாவிடம் நேராக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தகடுகளைச் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. ஒன்றை மூடினால் இன்னொன்று ஏறும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் முதல் ஹூட் ஐம்பத்திரண்டு, ஆறாவது முப்பத்தெட்டு. இன்னும் பெரிய ஃபேன் வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். கம்பெனியின் தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு ஆபீசில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது மீட்டர் பெட்டியோடு கிளம்பப் போகிறவர்களுக்கு. ஒரே கருவியில் எல்லாவற்றையும் அளந்துவிடலாம் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள். குழாய்க்குள் வேகமான காற்றுக்குப் பிட்டோ, திறந்த வாயில் மெதுவான காற்றுக்குக் காற்றாடி, தூசியில்லாத அறைக்குச் சூட்டுக் கம்பி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய ஊதுபத்தியும் நூலும். டிஜிட்டலில் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஊதிப் பாருங்கள், மூடிய அறையில் நடந்து பாருங்கள். மலையில் அளந்தால் காற்று லேசு என்பதைக் கணக்கில் சேருங்கள். மார்ச்சில் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பத்து மணிக்கு மேல் வேண்டாம். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். நான் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன், கீழே வர ஒரு மணி பத்து நிமிஷம்.

ஜீப்பில் ஏறும் முன் ஸ்டெல்லா டீ கொண்டுவந்தார். முகத்துணியை அவிழ்த்திருந்தார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. டிசம்பரில் சாரத்துக்கு அடியில் தம்ளரோடு நின்ற அதே பெண். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. இருமி முடித்துவிட்டு, ஏதோ சாதாரண விஷயம் கேட்பது போலக் கேட்டார்.

"அன்னைக்கு டீக் குடிக்கவாச்சும் உள்ள வந்திருக்கலாமில்லீங்க?"